வால் அறுந்த ஒரு சாலைச் செய்தி

மழை நாட்களில் போன் அதிர்ந்தால் இன்னமும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கணியம்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டேன். என்னை நம்பி இப்போது எந்த வண்டியும் மலை ஏறுவதில்லை, இறங்குவதில்லை. ஆனாலும் ஜவ்வாது மலைப் பக்கம் வானம் கறுத்தால், போனை அடுப்பு மேடையில் கண் முன்னால் வைத்துக்கொண்டுதான் சமைக்கிறேன். "இன்னும் டூட்டிலதான் கீறியா?" என்று என் கணவர் கேட்பார். சிரித்துக்கொண்டே கேட்பார். எனக்குச் சிரிப்பு வராது.

போன மாதம் அப்படி ஒரு மழை நாளில் யாழினி கூப்பிட்டாள். ஜமுனாமரத்தூரில் நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"மல்லிகாக்கா, ஒரு சந்தேகம். கோச்சிக்காதீங்க."

"சொல்லும்மா."

"புதுசா ஒரு செயலி குடுத்துருக்காங்க. வர்ற மெசேஜ அதுல போட்டா அதுவே சுருக்கி நாலு வரில குடுத்துடுது. படிக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா கடைசில நாம போடுற வால அறுத்துடுது. நாங்க திரும்ப ஒட்டினு இருக்கோம். தெனம் ஒட்டணுமாக்கா? ஜனங்க யாரும் அதப் படிக்கிறதில்ல."

போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. "ஒட்டு. ஏன்னு எழுதி அனுப்புறேன்" என்று மட்டும் சொன்னேன்.

எழுத உட்காரும் முன் என் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நாள் தவறாமல் எழுதுகிறவள் நான். கேஸ் சிலிண்டர் மாற்றியது முதல் பல்லி விழுந்தது வரை எல்லாம் அதில் இருக்கும். அந்த ஒரு நாளின் பக்கத்தில் மட்டும் "கன மழை" என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். அதற்கு மேல் எழுத அன்று கை ஓடவில்லை போலிருக்கிறது. ஆகையால் இதை நினைவிலிருந்துதான் எழுதுகிறேன். நினைவு போதாத இடங்களில் சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டு எழுதுகிறேன்.

வணிகவியல் படித்துவிட்டுத் தட்டச்சு வேலைக்காக மலை ஏறியவள் நான். ஆரம்ப வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடிதம் அடித்தேன். சாமை விதை வினியோகத்துக்கு ரசீது போட்டேன். வாந்தி எடுக்காமல் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டக் கற்றுக்கொண்டேன். பிறகு மலையிலும் எல்லார் கையிலும் போன் வந்தது. நிறுவனம் ஒரு வாட்ஸ்அப் குழுவும் பேஸ்புக் பக்கமும் ஆரம்பித்தது. சந்தையில் புளி என்ன விலை, எந்த ஊரில் மருத்துவ முகாம், எந்தச் சாலையில் மரம் விழுந்திருக்கிறது, எந்த ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று விசாரித்துப் போடும் வேலை என்னிடம் வந்தது. அதற்கு மேலாளராக வந்தவர் ஞானவேல் சார்.

ஞானவேல் சார் யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. தவறு கண்டால் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைக்க ஆரம்பித்தாலே நான் அடித்ததை மறுபடி படிக்க ஆரம்பித்துவிடுவேன். முதல் வாரத்தில் "நாளை சந்தையில் கூட்டம் அதிகமாக இருக்கும் எனத் தெரிகிறது" என்று அடித்து வைத்திருந்தேன். படித்துவிட்டுத் துடைத்தார்.

"யாருக்கும்மா தெரியுது?"

"எல்லாரும் சொல்றாங்க சார்."

"அந்த எல்லாருல ரெண்டு பேர் பேரச் சொல்லு."

அவர் எழுந்து போய்விட்டார். அந்தப் பதிவை நானே போடாமல் விட்டேன்.

அவர் கொண்டுவந்ததுதான் வால். பதிவின் கடைசியில் ஒரு வரி. யார் பார்த்தது, எங்கே நின்று பார்த்தது, எப்போது பார்த்தது. பார்த்தவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே போட வேண்டும், நாம் அழகுபடுத்தக் கூடாது. பெயர் போடலாமா என்று அவரைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால், "பெயர் சொல்ல விரும்பவில்லை, அலுவலகத்துக்குத் தெரிந்தவர்" என்று போட வேண்டும். வேறொரு பக்கத்திலிருந்து எடுத்தால் எந்தப் பக்கம், அவர்கள் எப்போது போட்டார்கள் என்பது வேண்டும், எடுப்பதற்கு முன் அவர்களைக் கேட்டிருக்கவும் வேண்டும். தப்பாகிப் போனால் அழிக்கக் கூடாது. அதன் கீழேயே திருத்தம் போட வேண்டும், அந்தத் திருத்தத்துக்கும் ஒரு வால்.

"செய்தியவிட வாலு நீட்டமா இருக்குதே சார்" என்றேன் ஒருநாள்.

"கொரங்குக்கும் அப்படித்தாம்மா. அத வெச்சித்தான் கெளையப் புடிக்குது" என்றார்.

பெயர் போடுவதால் என்ன நடக்கும் என்பதை எனக்குக் காட்டியவர் முனியம்மாக்கா. அமிர்தி வழியாக இறங்கும் சாலையில் ஓடைக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம் உண்டு. அதற்கு மலைப்பக்கமாக அவருடைய டீக்கடை. மழைக் காலத்தில் பாலத்தின் மேல் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று போனில் சொல்லுவார். முதல்முறை அவர் பெயரோடு போட்டதும் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா மல்லிகா, டீக்கடை முனியம்மான்னு போட்டுக்கீற?"

"டீக்கடைதானேக்கா?"

"மத்தியானத்துல சோறு போடுறேன்ல? ஓட்டல் உரிமையாளர்னு போடு. படிக்கிறவன் மதிக்க வேணாவா?"

அன்றிலிருந்து ஓட்டல் உரிமையாளர். கடைக்கு வந்தவர்களிடம் அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாராம். அதற்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடி "தண்ணி ஜாஸ்திதான்" என்பார். இப்போது, "இரு, போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்று குடையோடு பாலம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார். "தப்பாப் போச்சின்னா எம்பேருதான நாறும்?" என்றார்.

தினேஷ் இதற்கு நேர் எதிர். போளூரில் அச்சுக்கடை வைத்திருந்தவர். கடையோடு ஒரு செய்திப் பக்கமும் நடத்தினார். எங்கள் பக்கத்தைப் பார்ப்பவர்கள் ஒரு ஊர் அளவு என்றால் அவருடையதைப் பார்ப்பவர்கள் தாலுகா அளவு. எங்கள் பதிவுகளை எடுப்பார், வாலை அறுப்பார், மேலே சிவப்புக் கட்டத்தில் "சற்று முன்" என்று போட்டுத் தன் பக்கத்தின் முத்திரையைக் குத்தி வெளியிடுவார். ஒருமுறை நான் வெயிலில் நின்று எடுத்த சாமைக் களத்துப் படத்தை முத்திரை குத்திப் போட்டார். நூற்றுக்கணக்கில் பாராட்டு அவருக்கு. நான் அழாத குறையாக ஞானவேல் சாரிடம் போனேன்.

அவர் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"உம்பேரு போச்சேன்னு கோவமா, அந்தக் களத்துக்காரன் பேரு போச்சேன்னு கோவமா?"

"ரெண்டும்தான் சார்."

"மொதல்து நாலு நாள்ல ஆறிடும்" என்றார். "எனக்கு வேற பயம். சற்று முன், சற்று முன்னு போடுறானே, அது யாரோட சற்று முன்? நீ படம் புடிச்சதா, அவன் திருடுனதா, படிக்கிறவன் படிக்கிறதா?"

தினேஷுக்குக் கடிதம் எழுதினோம். போனிலும் சொன்னோம். "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்பார். அடுத்த வாரம் மறுபடியும் சிவப்புக் கட்டம் வரும்.

இனி அந்த நாள்.

முந்தின இரவு முழுக்க மழை. காலையில் நான் அலுவலகத்துக்குள் நுழையும்போதே காசியின் குரல் பதிவு வந்திருந்தது. காசி மலைக்காரன். ஒரு வெள்ளை ஆம்னி வண்டி வைத்துக்கொண்டு சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிறவன். சாலை பற்றி எங்களுக்குச் சொல்பவர்களில் அவன்தான் முதல் ஆள்.

"அக்கா, போளூர் ரோட்ல ஊத்து வளைவுல மண்ணு சரிஞ்சிக்கிச்சு. பாறை ஒன்னு எருமை படுத்தாப்ல நட்ட நடு ரோட்ல கீது. பஸ்சு போவாது. பைக்க தள்ளினு போலாம்."

சொன்னபடியே போட்டேன். கீழே வால்: "காசி, ஆம்னி ஓட்டுநர். ஊற்று வளைவில் நின்று பார்த்தது. இன்று காலை." அனுப்பிவிட்டு அவனுக்கும் சொன்னேன். "சரிக்கா, நான் வூட்டுக்குப் போறேன். தங்கச்சிக்கு இடுப்பு வலின்னு ஆளனுப்பிச்சிருக்காங்க" என்று வைத்துவிட்டான். அவன் ஊரில் டவர் கிடையாது. மலையைத் தாண்டி ஜமுனாமரத்தூர்ப் பக்கம் வந்தால்தான் போன் உயிர் பெறும்.

மத்தியானத்துக்குள் பொக்லைன் வந்து பாறையை ஓரமாகத் தள்ளி ஒரு பக்கம் வழி விட்டது. அங்கே வேலை பார்த்த சாலை மேஸ்திரி போனில் சொன்னார். காலைப் பதிவின் கீழேயே திருத்தம் போட்டேன், மேஸ்திரி பெயரோடு. அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று சாப்பிடப் போனேன்.

மழை நிற்கவில்லை. பொழுது சாய ஆரம்பித்த நேரத்தில் மலை ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா கூப்பிட்டார்.

"மேடம், போளூர் ரோடு திறந்துதான கீது?"

"மத்தியானமே திறந்தாச்சு சிஸ்டர். ஏன்?"

காசியின் தங்கை பூங்கொடியை அவன் வண்டியிலேயே கொண்டுவந்திருக்கிறார்கள். தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே கீழே கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் இன்னொரு ஆளை ஏற்றிக்கொண்டு ஏற்கனவே கீழே போயிருந்தது. அதனால் காசியின் ஆம்னியிலேயே அமுதா என்ற நர்ஸையும் கூட ஏற்றி அனுப்பினார்கள். போளூருக்குப் போன் போட்டு எல்லாம் தயாராக வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

"போளூர்ல இன்னும் வண்டி வர்லன்னு சொல்றாங்க மேடம். வந்து சேந்துருக்கணும். எனக்குப் பயமா கீது."

காசிக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அமுதாவுக்குப் போட்டேன். அதே குரல். ஊற்று வளைவு மேஸ்திரிக்குப் போட்டேன்.

"வெள்ளை ஆம்னியா? நான் கொடி வெச்சினு இங்கதான் நிக்கிறேன் மேடம். ஒன்னும் வர்லியே."

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிய வண்டி வளைவுக்கு வரவில்லை. நடுவில் என்ன இருக்கிறது? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். ஞானவேல் சார் வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கையில் இருந்த போனில் எங்கள் குடும்பக் குழுவில் என் நாத்தனார் எதையோ அனுப்பியிருந்தார். சிவப்புக் கட்டம். "சற்று முன்: ஜவ்வாது மலைப்பாதையில் மண் சரிவு. எருமை படுத்தாற்போல் பாறை நடு ரோட்டில். பஸ் போகாது." தினேஷ் அதை அன்று பிற்பகல்தான் போட்டிருந்தார். ஊற்று வளைவு என்ற பெயர் இல்லை. காலை என்ற சொல் இல்லை. காசி இல்லை. எருமை மட்டும் இருந்தது.

"சார், இது காசி காலைல சொன்னது" என்றேன். "தினேஷ் இப்ப போட்ருக்கான். காசி இதப் பாத்துருந்தா, திரும்பவும் சரிஞ்சிடுச்சின்னு நெனச்சிருப்பான்."

போளூர் சாலை இல்லையென்றால் கீழே இறங்க அவனுக்கு இருந்தது அமிர்தி வழி. காட்டுக்குள் போய் வேலூர்ப் பக்கம் இறங்குகிற, நீளமான வழி. அந்த வழியில் தரைப்பாலம். சற்று முன்பு, என்னுடைய சற்று முன்பு, முனியம்மாக்கா சொல்லி அதைப் பற்றி நான் ஒரு பதிவு போட்டிருந்தேன்: "தண்ணி முழங்காலுக்கு மேல. ஏறினு கீது."

"தினேஷுக்குப் போடட்டுமா சார்?"

"மொதல்ல வண்டி. அப்புறம் தினேஷ்."

முனியம்மாக்காவின் போன் அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். அதுவும் நின்றது. மூன்றாம் தடவை எடுத்தார்.

"இன்னா மல்லிகா, இந்த மழைல..."

"அக்கா, வெள்ள ஆம்னி எதனா வந்துச்சா?"

"ஒன்னியும் வர்ல."

"வரும்க்கா. பாலத்துல எறங்க வுடாதீங்க."

"இடுப்பளவு போவுது தண்ணி. எந்தக் கிறுக்கன் எறங்குவான்?"

"உள்ள அவன் தங்கச்சி கீது. புள்ள குறுக்க கீது. அவன் எறங்கிடுவான்க்கா."

"வெய்யி போன" என்றார்.

வைத்தேன். ஞானவேல் சார் ஓடையின் அந்தக் கரைக்கு ஆம்புலன்ஸ் கேட்டுக் கணியம்பாடிப் பக்கத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார். வழியை மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அவருடைய கண்ணாடி மேசை மேல் கிடந்தது. துடைக்கவில்லை.

அப்புறம்தான் தினேஷுக்குப் போட்டேன்.

"தினேஷ், அந்த ரோடு நியூஸ் உங்களுக்கு யாரு குடுத்தது?"

"க்ரூப்ல வந்துச்சுங்க மேடம்."

"எந்த க்ரூப்ல?"

"எல்லா க்ரூப்லயும்தாங்க சுத்தினு இருந்துச்சு."

"கீழ காசின்னு ஒரு பேரு இருந்துச்சே. எங்க, எப்பன்னு எல்லாம் இருந்துச்சே?"

"அது நீட்டமா இருந்துச்சுங்க. ஜனங்க படிக்க மாட்டாங்க, அதான் கட் பண்ணேன். இன்னா மேடம், ரோட்டு நியூஸுக்குப் போயி யாராச்சும் சொந்தம் கொண்டாடுவாங்களா? நாலு பேருக்கு நல்லதுக்குத்தான போட்டேன்?"

அவர் நல்லதுக்குத்தான் போட்டார். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. காலையில் கடையில் வேலை அதிகம், பிற்பகல்தான் போட நேரம் கிடைத்தது என்று பின்னால் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு, "நான் இப்பவே அழிச்சிடறேன் மேடம்" என்று வைத்துவிட்டார். பார்த்தேன். பதிவு இல்லை.

"அழிச்சிட்டாரு சார்."

ஞானவேல் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அழிச்சா, ஏற்கனவே பாத்தவனுக்கு எப்படிம்மா தெரியும்? அத நம்பினு இன்னும் எத்தினி வண்டி அமிர்தி வழில திரும்புதோ. திரும்பப் போடச் சொல்லு. தப்புன்னு போடச் சொல்லு. காசி பேரப் போடச் சொல்லு."

மறுபடி கூப்பிட்டேன். தினேஷ் முதலில் தயங்கினார். தப்பு என்று போட்டால் அடுத்து எவன் தன் பக்கத்தைப் பார்ப்பான் என்றார். பிறகு போட்டார். அவர் பக்கத்தில் முதல்முறையாக ஒரு பதிவுக்கு வால் முளைத்தது.

அதன் பிறகு எங்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அதுதான் மிகவும் கொடுமையாக இருந்தது. போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நானே யாரையாவது கூப்பிட்டால் அந்த நேரத்தில் முனியம்மாக்கா கூப்பிட்டு என் போன் வேலையாக இருக்குமோ என்று தொடவும் பயம். யாரோ தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். ஆறிப்போய் ஆடை கட்டியது. சார் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். "தண்ணி எறங்கும்மா. மேல மழ வுட்ருக்குது" என்றார். ஆனால் மேலே மழை விட்டதை யார் பார்த்தது என்று அவரிடம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

பாலத்தில் நடந்ததை முனியம்மாக்கா சொல்லித்தான் அறிந்தேன். உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கடை பெஞ்சுகளை இழுத்து வந்து சாலைக்குக் குறுக்கே போட்டிருக்கிறார். வண்டி வெளிச்சம் தெரிந்ததும் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். காசி ஒலிப்பானை அழுத்திக்கொண்டே வந்து நிறுத்தியிருக்கிறான். "பெஞ்ச எடு பெரிம்மா, எறங்கிப் போய்டுவேன்" என்று கத்தியிருக்கிறான். "நீ போவ. வண்டி போவும். அவ எப்படிப் போவா?" என்று இவர் கேட்டிருக்கிறார். பிறகு தன் கொழுந்தனாரின் டிராக்டரைக் கூப்பிட்டு, தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும் வரை காத்திருந்து, பூங்கொடியை வண்டியின் பின் இருக்கையோடு பெயர்த்து டிரெய்லரில் ஏற்றி, சுற்றிலும் ஆட்கள் கயிறு பிடித்துக் கடத்தினார்கள். அமுதா அவள் கையை விடவேயில்லை. அந்தக் கரையில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது.

"தாண்டிட்டாங்க" என்று முனியம்மாக்கா சொன்னபோது, யார் பார்த்தது என்று என் வாய் தானாகக் கேட்டது.

"நான்தான்டி. எங்கண்ணால" என்றார். அழுதுகொண்டே சொன்னார்.

வேலூரிலிருந்து காசியின் போன் வரும் வரை நானும் சாரும் அலுவலகத்திலேயே இருந்தோம். "பொண்ணுக்கா" என்றான். தங்கச்சி எப்படி என்று கேட்டேன். "உள்ள வெச்சிக்கிறாங்க" என்றான்.

சில நாட்கள் கழித்து நானும் ஞானவேல் சாரும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வராந்தாவில் காசி சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். குழந்தை அவன் அத்தையின் மடியில் தூங்கியது. பூங்கொடி பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் அன்று காலைதான் சொல்லியிருந்தார்.

படிக்கட்டுப் பக்கம் யாரோ ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருந்தார்கள். தினேஷ். கையில் பழப் பை. நான் போனதும், "நீங்களே சொல்லிடுங்க மேடம், நான் யாருன்னு" என்றார்.

ஞானவேல் சார் என்னை முந்திக்கொண்டார். "நீங்க போட்டது. நீங்களே பேரச் சொல்லுங்க."

தினேஷ் காசியின் முன்னால் போய் நின்றார். பெயரைச் சொன்னார். அச்சுக்கடையைச் சொன்னார். "அந்த நியூஸ் நான்தாங்க போட்டேன்" என்றார்.

காசி அவரை ஏறிட்டுப் பார்த்தான். அடித்துவிடுவானோ என்று நான் ஓரடி முன்னால் போனேன். அவன் எழுந்திருக்கக்கூட இல்லை.

"எம்போன எடுத்துப் பாக்க நேரமில்ல. ஆஸ்பத்திரி வாசல்ல எங்க மாமா போன நீட்டுனாரு. எருமைன்னு படிச்சப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு" என்றான். "ஆனா எங்க ஜனங்க எல்லாருமே அப்படித்தான பேசுவோம். எவனோ வேற ஒருத்தன் இப்ப நின்னு பாத்துட்டுச் சொல்றான், இது வேற பாறைன்னு நெனச்சேன். ஏம்பா, எம்பேர அறுக்காம வுட்டிருந்தா, இது நான் காலைல சொன்னதுன்னு எனக்கே தெரிஞ்சிருக்குமே?"

தினேஷ் பழப் பையைக் கீழே வைத்தார். எடுத்துக்கொண்டு போகவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

யாழினி, நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். வாலை யாரும் படிப்பதில்லை என்கிறாய். உண்மைதான். நானும் மற்றவர்களின் வாலை எத்தனையோ நாள் படிக்காமல் தாண்டியிருக்கிறேன். சாதாரண நாளில் அதற்கு வேலையும் இல்லை. புளி விலைக்கு வால் இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் எந்த நாள் சாதாரண நாள் என்று காலையில் நமக்குத் தெரியாது. அன்று எனக்குத் தெரிந்திருந்தால் நான் சாப்பிடப் போயிருக்க மாட்டேன்.

அந்தச் செயலியை நான் குறை சொல்லவில்லை. அது செய்வதைத் தினேஷும் செய்தார், நல்ல எண்ணத்தோடு செய்தார். சுருக்கும்போது முதலில் போவது பெயர்தான். அது செய்தியில் சேராதது போலத் தோன்றும். நேற்று நீ அனுப்பிய மாதிரிப் பதிவைப் பார்த்தேன். நான்கு வரி, அழகாக இருந்தது. ஓடையில் தண்ணீர் உயர்ந்து வருவதாகத் தெரிகிறது என்று முடிந்திருந்தது. படித்ததும் நான் உனக்குப் போடவில்லை. முனியம்மாக்காவுக்குத்தான் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்த அந்த நேரம் முழுக்க அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். எடுத்தார். "பாலம் காஞ்சி கெடக்குது. அது போன வாரம் நான் சொன்னது. எம்பேரு எங்க?" என்றார்.

ஒட்டும்மா. தினமும் ஒட்டு.

இந்தக் கட்டுரைக்கும் ஒரு வால் உண்டு.

அலுவலகத்திலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நடந்தவை நான் நேரில் கண்டு கேட்டவை. வருடங்கள் கழித்து நினைவிலிருந்து எழுதுவதால் சொற்கள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம்.

தரைப்பாலத்தில் நடந்தது முனியம்மா, ஓட்டல் உரிமையாளர், தன் கடை முன்னால் நின்று பார்த்துச் சொன்னது.

தினேஷ் என்பது மாற்றுப் பெயர். எழுதியதை அவருக்குப் போனில் படித்துக் காட்டினேன். எதையும் மாற்றச் சொல்லவில்லை.

வண்டிக்குள்ளும், அதற்குப் பிறகு ஆபரேஷன் அறையிலும் என்ன நடந்தது, அந்தத் தாமதம் தன் உடம்பிலிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதைப் பூங்கொடியே எனக்குச் சொன்னாள். எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். எழுதவில்லை.